விலங்கு செல்லுக்குச் சுவர் வைத்தவள்

இன்சாஃபைப் பத்தி இந்தத் தெருவுல யார் என்ன சொன்னாலும் அதுல பாதி பொய். நிஜத்தை நான் சொல்றேன். அவ கடைக்கு அடுத்த ரூம்லதான் நான் குடியிருக்கேன். நடுவுல ஒத்தைச் செங்கல் தடுப்பு. அவ தும்மினா எனக்குக் கேக்கும். நான் அடுப்புல என்ன வெச்சிருக்கேன்னு அவளுக்கு வாசனையிலயே தெரியும். பகல்ல நான் பெண்கள் பள்ளிக்கூடத்துல ஆயா வேலை பாக்கறேன். பேரு ஷௌகியா. ஆனா பள்ளிக்கூட ஆயாவை இங்க தாதான்னுதான் கூப்பிடுவாங்க, பிள்ளைங்களும் அப்படித்தான், மிஸ்ஸுங்களும் அப்படித்தான். கடையில நடந்ததும் பள்ளிக்கூடத்துல நடந்ததும் ரெண்டுமே தெரிஞ்சவ நான் ஒருத்திதான். மத்தவங்களுக்கு வாய் மட்டும்தான் இருக்கு.

இன்சாஃப் எங்க ஷுப்ராப் பேட்டையில பிறந்தவ இல்ல. தெக்கே மின்யா ஊர்ப் பக்கத்துக்காரி. ஆறாவது முடிச்சதும் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திட்டாங்க. தம்பி தங்கச்சிகளைப் பாத்துக்க ஆள் வேணுமாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவ குரல் மாறும், உடனே வேற பேச்சுக்குப் போயிடுவா. கல்யாணமாகி இங்க வந்தா, இரினின்னு ஒரு பொண்ணு பிறந்தா. புருஷன் லுத்ஃபி சூயஸ் துறைமுகத்துல கிரேன் ஓட்டறான். வியாழக்கிழமை சாயங்காலம் வருவான், சனிக்கிழமை காலைல போயிடுவான். நல்ல மனுஷன், ஆனா இருக்கற ரெண்டு நாளும் தூங்கியே கழிப்பான். கடை மாமனாரோடது. நோட்டு, பேனா, ஜெராக்ஸ், பரீட்சை வந்தா பழைய வினாத்தாள். மாமனாருக்குக் கண் மங்கினதும் இவ கல்லாவுல உக்காந்தா. கையெழுத்து முத்து முத்தா இருக்கும். கல்யாணப் பத்திரிகை உறையில பேர் எழுதிக் குடுக்கச் சொல்லி சர்ச்சுக்காரங்களும் வருவாங்க, மசூதித் தெருக்காரங்களும் வருவாங்க.

ஆனா அவளுக்குப் பேர் வாங்கிக் குடுத்தது வசீலா. பள்ளிக்கூடத்துல ஒரு பாடம் நடத்தி முடிச்சதும், இதை ஒரு மாடலாச் செஞ்சு கொண்டு வா, மார்க் உண்டுன்னு சொல்லி அனுப்புவாங்க. அதுக்குப் பேர்தான் வசீலா. பிள்ளை தன் கையால செய்யணும். எந்தப் பிள்ளை செய்யும்? அம்மா ஆஃபீஸ்லேர்ந்து வந்து செருப்பைக் கூடக் கழட்டாம நேரா இன்சாஃப் கடைக்கு வந்து நிப்பா.

"இரினி அம்மா, நாளைக்குக் காலைல ஒரு இதயம் வேணும்."

"யாருக்கு?"

"சின்னவனுக்கு. கொஞ்சம் பெருசா இருக்கட்டும், போன தடவை பக்கத்துப் பையனோடது பெருசா இருந்துதாம்."

"உன் பையனுக்கு அவ்வளவு பெரிய இதயம் எதுக்கு, அவன் நேத்து என் பேனாவை எடுத்துட்டுப் போனான்."

இப்படி இதயம் வித்தா, நுரையீரல் வித்தா, எரிமலை வித்தா, அஸ்வான் அணையைக் கூட ஒரு அட்டைப் பெட்டிக்குள்ள கட்டி வித்தா. டீச்சருக்குத் தெரியும், ஹெட்மிஸ்ட்ரஸுக்குத் தெரியும், தெரு பூரா தெரியும். யாரும் கேக்க மாட்டாங்க. பிள்ளை கைல பொருள் இருக்கா, மார்க் போடு, அவ்வளவுதான்.

எல்லாத்துலயும் அதிகம் போனது செல். ஒவ்வொரு வருஷமும் அந்தப் பாடம் வந்தா அவ கடையில ஃபோம் அட்டைத் தூள் காத்துல பறக்கும், என் ரொட்டி மேலயும் வந்து உக்காரும். சண்டை போடுவேன். கேட்டாத்தானே. ஃபோம் அட்டையை வட்டமா வெட்டி, அதுல களிமண்ணை வழிச்சு, நடுவுல பாதி வெட்டின ரப்பர் பந்தை வெப்பா. அது உட்கரு. காலைல எல்லாரும் சாப்பிடற அதே ஃபூல் பயறை எடுத்து, பேனாவால வளைஞ்சு வளைஞ்சு கோடு போட்டு ஒட்டுவா. அது மைட்டோகாண்ட்ரியா. ரிப்பனை மடிச்சு மடிச்சு வெச்சா வலைப்பின்னல். கருஞ்சீரகத்தை மேல தூவினா ரைபோசோம். ஒவ்வொண்ணுக்கும் பல்குச்சியில சின்னக் கொடி குத்தி, அதுல அந்த முத்துக் கையெழுத்துல பேர். படம் பாத்துச் செய்வா. புத்தகத்துல படம் எந்தப் பக்கத்துல இருக்குன்னு அவளுக்குக் கண்ணை மூடிக்கிட்டே தெரியும். படத்துக்குக் கீழ என்ன எழுதியிருக்குன்னு அவ படிச்சதில்ல. நேரம் எங்க இருக்கு.

இப்போ சுவர் விஷயத்துக்கு வரேன். அவ வசீலா செய்ய ஆரம்பிச்ச புதுசுல நடந்தது. தாவர செல், விலங்கு செல் ரெண்டும் கேப்பாங்க. தாவர செல்லுக்குப் படத்துலயே தடிமனா பச்சைக் கரை உண்டு, செல் சுவர்னு பேரு. அதனால அதைச் சுத்தி ஃபோம் பட்டை ஒட்டுவா. விலங்கு செல்லுக்குப் படத்துல மெல்லிசா ஒரு கோடு, அது சவ்வு. அதுக்கு ஒரு நைலான் நூலைச் சுத்தி விட்டுடுவா. ஒருநாள் ஒரு அம்மா நசுங்கிப்போன விலங்கு செல்லைக் கொண்டு வந்து கல்லா மேல போட்டா. மைக்ரோபஸ்ல ஏறும்போதே களிமண் வழிஞ்சு, உட்கரு கழண்டு, முன்னாடி உக்காந்திருந்த ஆளோட சட்டையில ஒட்டிக்கிட்டு இறங்கிப் போயிடுச்சாம். பிள்ளை அழுதுக்கிட்டே பள்ளிக்கூடம் போச்சாம்.

இன்சாஃப் யோசிச்சா. விலங்கு செல்லைச் சுத்தியும் ஒரு தடிமனான பட்டை ஒட்டினா. பச்சை வேண்டாம், பழுப்பு. கல்லு மாதிரி நின்னுது. தூக்கிப் போட்டாலும் உடையாது. அம்மாக்களுக்கு ஒரே சந்தோஷம். ஆனா ஒருத்தி உத்துப் பாத்துட்டு, "இரினி அம்மா, எல்லாத்துக்கும் கொடி இருக்கு, இதுக்கு மட்டும் இல்லையே, மார்க் குறைச்சுட்டா?"ன்னு கேட்டா. அந்தம்மா கேட்டாளேன்னு இன்சாஃப் ஒரு கொடி எடுத்து 'செல் சுவர்'னு எழுதிக் குத்தினா. முடிஞ்சுது கதை. அன்னிலேர்ந்து இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல ஆடு, மாடு, பூனை, மனுஷன் எல்லாருக்கும் செல் சுவர் வந்துடுச்சு. ஒரு டீச்சரும் வாயைத் திறக்கலை. முதல்ல இருந்த சயின்ஸ் மிஸ்ஸுக்குப் பார்வை சரியில்ல, அடுத்தவங்களுக்கு அக்கறை இல்ல. அப்புறம் ரொம்ப நாள் சயின்ஸுக்கு ஆளே இல்லாம கிடந்து, கடைசியா மிஸ் ரீஹாம் வந்தாங்க. சின்ன வயசு, சுறுசுறுப்பு. படிச்சது சரித்திரம். ஹெட்மிஸ்ட்ரஸ் அவங்க கைல சயின்ஸைத் திணிச்சுட்டாங்க. பாவம், மாட்டேன்னு சொல்ற நிலைமையில அவங்க இல்ல, ஒப்பந்த வேலை.

இன்சாஃபோட பொண்ணு இரினி அந்த வருஷம்தான் மிஸ் ரீஹாம் வகுப்புக்கு வந்தா. இரினி ஒரு பிடிவாதக் கழுதை. சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க, நான் தூக்கி வளத்த பிள்ளை, எனக்கு உரிமை உண்டு. செல் வசீலா கேட்டாங்க. வகுப்புப் பிள்ளைங்க அத்தனை பேரோட அம்மாக்களும் கடையில வரிசை கட்டி நின்னாங்க. இன்சாஃபுக்கு மூச்சு விட நேரமில்ல.

"நீ இதுல ஒண்ணை எடுத்துட்டுப் போடி"ன்னு இரினிகிட்ட சொன்னா.

"வேண்டாம். நானே செய்யறேன்."

"என்ன, என் கை உனக்கு ஆகலையா?"

"மிஸ் கையால செய்யச் சொன்னாங்க."

"எல்லார்கிட்டயும்தான் சொன்னாங்க."

இரினி புத்தகத்தை விரிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்தா. மெல்லிசான பிளாஸ்டிக் பை ஒண்ணு, சோளமாவைக் காய்ச்சின கஞ்சி, ஒரு பிளம்ஸ் பழம், அம்மா டப்பாவுலேர்ந்து கொஞ்சம் ஃபூல் பயறு, கருஞ்சீரகம். எல்லாத்தையும் பைக்குள்ள போட்டு வாயைக் கட்டினா. பாக்கறதுக்கு ஒரு மாதிரிதான் இருந்துது, கைல எடுத்தா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ஞ்சுது. அப்போதான் அம்மா செய்யறதைப் பாத்துக் கேட்டா.

"அம்மா, விலங்கு செல்லுக்கு ஏன் சுவர் ஒட்டறே?"

"மைக்ரோபஸ்ல உடையாம இருக்க."

"அதுல செல் சுவர்னு எழுதியிருக்கியே."

"கேட்டாங்க, எழுதினேன்."

"புத்தகத்துல இல்லன்னு போட்டிருக்கும்மா."

"யாருடி அதைப் படிக்கறாங்க"ன்னு சொல்லிட்டு இன்சாஃப் சிரிச்சா. தடுப்புக்கு இந்தப் பக்கம் நானும் சிரிச்சேன்.

மறுநாள் அந்தக் கஞ்சிப் பையை ஒரு கிண்ணத்துல வெச்சு நான்தான் பத்திரமா பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போனேன். மத்தவங்களோடதெல்லாம் அலமாரி மேல வரிசையா நின்னுது. ஒரே கை, ஒரே கொடி, ஒரே பழுப்புச் சுவர். மிஸ் ரீஹாம் எல்லாத்துக்கும் பத்துக்குப் பத்து போட்டுக்கிட்டே வந்தாங்க. நான் வராந்தாவைத் துடைச்சுக்கிட்டு இருந்தேன், கதவு திறந்திருந்துது.

"இது என்ன?"

"விலங்கு செல், மிஸ்."

"சுவர் எங்க?"

"விலங்கு செல்லுக்குச் சுவர் கிடையாது மிஸ். சவ்வு மட்டும்தான். தாவரத்துக்குத்தான் சுவர்."

வகுப்பு கொல்லுன்னு சிரிச்சுது. மிஸ் அலமாரியைக் காட்டினாங்க. "அப்போ இவங்க எல்லாரும் தப்பு, நீ ஒருத்திதான் சரி. அப்படித்தானே?"

புத்தியுள்ள பிள்ளையா இருந்தா வாயை மூடிக்கிட்டு நிக்கும். இது, "ஆமா மிஸ்"னு சொல்லிச்சு. புத்தகத்தைத் திறந்து வேற நீட்டிச்சு. அவ்வளவுதான், மிஸ்ஸுக்கு முகம் சிவந்துடுச்சு. எனக்கே பாடம் எடுக்கறியான்னு புத்தகத்தைப் பாக்காமலே மூடினாங்க. பத்துக்கு நாலு போட்டாங்க. வகுப்பு முன்னாடி நின்னு மன்னிப்புக் கேக்கற வரைக்கும் என் பாடத்துக்கு உள்ள வராதேன்னு வெளியில அனுப்பினாங்க.

அந்தப் பிள்ளை ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். அலமாரி மேல இருக்கறது பூரா எங்கம்மா செஞ்சதுன்னு. சொல்லலையே. உதட்டைக் கடிச்சுக்கிட்டு, கஞ்சிப் பையைத் தூக்கிக்கிட்டு வந்து, என் பக்கெட்டுக்குப் பக்கத்துல சுவத்துல சாய்ஞ்சு நின்னா. எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் துடைப்பத்தோட உள்ள போயிருப்பேன். வேலை போயிடும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

சாயங்காலம் கடையில, நானும் பக்கத்துல இருக்கும்போதே, இரினி எல்லாத்தையும் சொன்னா. இன்சாஃப் முதல்ல சிரிச்சா. அப்புறம் சிரிப்பு நின்னுடுச்சு.

"நீ வந்து சொல்லும்மா."

"என்னன்னு சொல்ல?"

"சுவர் நீ வெச்சதுன்னு. நான் பொய் சொல்லலைன்னு."

இன்சாஃப் பதில் சொல்றதுக்குள்ள பஸந்த் அம்மா வந்துட்டா. அவ பொண்ணு பஸந்த் அதே வகுப்பு. விஷயம் அதுக்குள்ள அவ காதுக்குப் போயிருந்தது. இந்தத் தெருவுல நியூஸ் தண்ணி லாரியை விட வேகமா வரும். முழங்கையைக் கல்லா மேல ஊணிக்கிட்டு ஆரம்பிச்சா.

"இரினி அம்மா, கேள்விப்பட்டேன். பிள்ளை ஒரு மன்னிப்புக் கேட்டா வாய் வலிச்சுடுமா? இப்போ தெரிஞ்சும் தெரியாத மாதிரி விட்டுடறாங்க, நீ அங்க போய் எல்லாம் நான் செஞ்சதுன்னு வெளிப்படையா நின்னா, எங்க பொண்ணுங்க மார்க் என்ன ஆகும்? எல்லாருக்கும் முட்டை. எங்க வயித்துல அடிக்காதே. அப்புறம் உன் கடை வாசல்ல யாரு வந்து நிப்பான்னு நினைக்கறே?"

"நான் போறேன்னு சொன்னேனா?"

"சொல்ல மாட்டே. நீ புத்திசாலி." அப்படின்னு சொல்லிட்டு, இரினி தலையைத் தடவிட்டுப் போனா. அந்தக் கையைத் தட்டி விடலையேன்னு எனக்கு இன்னும் வருத்தம்.

அவ போனதும் இன்சாஃப் பொண்ணைக் கூப்பிட்டா. மெதுவாத்தான் பேசினா. "பாரு கண்ணு, நாளைக்குப் போய் மன்னிப்புக் கேட்டுடு. ஒரு நிமிஷம். புனிதர் மாரி கிர்கிஸ் புண்ணியத்துல எல்லாம் சரியாப் போயிடும்."

இரினி கத்தலை, அழலை. புத்தகத்தை மூடிப் பைக்குள்ள வெச்சா. அப்புறம், "சரி, கேக்கறேன். பரீட்சையில என்ன எழுதட்டும்? நீயே சொல்லு"ன்னு கேட்டா.

இன்சாஃப் துணியை எடுத்துக் கல்லாவைத் துடைக்க ஆரம்பிச்சா. இரினி உள்ள போய் கதவைச் சாத்திக்கிட்டா. அதுக்கப்புறம் அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசலை. சாப்பாடு வெச்சா சாப்பிடுவா, கடைக்குப் போன்னா போவா, வாயை மட்டும் திறக்க மாட்டா. மன்னிப்பும் கேக்கலை. சயின்ஸ் பாடம் வந்தா தானாவே எழுந்து வந்து என் பக்கெட்டுகிட்ட நிப்பா. எங்கிட்ட மட்டும் பேசுவா, அதுவும் "தாதா, காலை நகத்து, தண்ணி வருது"ன்னு அந்த அளவுக்குத்தான்.

அந்த வாரத்துல ஒரு பையனுக்காக யாரோ விலங்கு செல் கேட்டு வந்தாங்க. இன்சாஃப் வட்டம் வெட்டினா, களிமண் வழிச்சா, பயறு ஒட்டினா. சுவருக்குப் பட்டையைக் கைல எடுத்தா. எடுத்தவ வெக்கலை. நான் அப்போ அவ கடையில டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன். பட்டையைக் கீழ போட்டுட்டு, இரினியோட புத்தகத்தை எடுத்தா. படம் இருக்கற பக்கத்தைத் திறந்தா. இந்தத் தடவை படத்துக்குக் கீழ விரலை வெச்சா. எழுத்துக் கூட்டிப் படிக்கற மாதிரி சத்தமாப் படிச்சா.

"செல் சுவர். தாவர செல்லில் உண்டு. விலங்கு செல்லில் இல்லை."

ரெண்டாவது தடவையும் படிச்சா. "ஷௌகியா, இது இத்தனை வருஷமா இங்கதான் எழுதியிருந்துதா?"

"புத்தகத்துல எழுதினது எங்க போகும்."

"நான் பாக்கவே இல்லையே."

"ஊரே பாக்கலை, நீ மட்டும் என்ன பண்ணுவே."

"ஊருக்கு நான்தானே காட்டினேன்"னு சொன்னா. அவ முகத்தைப் பாக்க எனக்குக் கஷ்டமா இருந்துது. டீயைப் பாதியில வெச்சுட்டு வந்துட்டேன்.

மறுநாள் காலைல நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அவளும் கடையைச் சாத்திட்டு வாசல்ல நின்னா. நல்ல துணி உடுத்தியிருந்தா, சர்ச்சுக்குப் போற மாதிரி. கைல ஃபோம் வெட்டற கத்தி. கத்தியை உள்ள வெக்கச் சொன்னேன், வாட்ச்மேன் பாத்தா ஊரைக் கூட்டிடுவான். பையில போட்டுக்கிட்டா. வழி பூரா நான் ஏதேதோ பேசிக்கிட்டு வந்தேன், அவ காதுலயே வாங்கலை.

சயின்ஸ் பாட நேரம். இரினி வழக்கம் போல என் பக்கெட்டுகிட்ட நிக்கறா. அம்மாவைப் பாத்ததும் நிமிந்தா. இன்சாஃப் கதவைத் தட்டிட்டு உள்ள போனா.

"மிஸ், ரெண்டு நிமிஷம். நான் இரினியோட அம்மா."

"வாங்க. பொண்ணு மன்னிப்புக் கேக்க ஒத்துக்கிட்டாளா?"

இன்சாஃப் நேரா அலமாரிகிட்ட போனா. முதல் செல்லை எடுத்து மேஜை மேல வெச்சா. "இது நான் செஞ்சது." அடுத்ததை எடுத்தா. "இதுவும் நான்." அடுத்தது. "இதுவும்." பிள்ளைங்க எல்லாம் தலையைக் குனிஞ்சுக்கிச்சு. பஸந்த் மட்டும் சன்னமா, "தான்த் இன்சாஃப், அது என்னோடது"ன்னு முனகினா. தான்த்னா ஆன்ட்டி. அந்த வகுப்புல எல்லாருக்கும் அவ தான்த்தான், தெரியாத பிள்ளையே கிடையாது.

கத்தியை எடுத்து முதல் செல்லோட பழுப்புச் சுவரை அறுத்தா. பசை பிடிச்சிருந்தது, வரமாட்டேன்னுது. இழுத்துப் பிச்சா. களிமண் ஒரு பக்கமாப் பிதுங்கி, பயறெல்லாம் கொட்டித் தரையில ஓடிச்சு. இதையெல்லாம் பெருக்கப் போறது நான்தான்னு அந்த நேரத்துலயும் நினைச்சேன், என்ன செய்ய. ரெண்டாவது, மூணாவது. மிஸ் எழுந்து நின்னுட்டாங்க.

"என்ன பண்றீங்க நீங்க?"

"தப்பை எடுக்கறேன் மிஸ். விலங்கு செல்லுக்குச் சுவர் கிடையாது. இது வழியில உடையாம இருக்க நான் ஒட்டினது. பேர் எழுதினதும் நான். என் பொண்ணு சொன்னதுதான் சரி. புத்தகத்துலயும் அப்படித்தான் இருக்கு, நேத்துதான் படிச்சேன்."

கத்தியை மேஜை மேல வெச்சுட்டு, கரும்பலகை முன்னாடி போய் பிள்ளைங்களைப் பாத்துத் திரும்பி நின்னா.

"இந்த வகுப்பு முன்னாடி ஒருத்தர் மன்னிப்புக் கேக்கணும்னு மிஸ் சொல்லியிருக்காங்க. இரினி கேக்க மாட்டா, கேக்கவும் கூடாது. கேக்க வேண்டியவ நான். உங்களுக்கெல்லாம் பொய்யை அழகா எழுதிக் குடுத்துட்டேன். என்னை மன்னிச்சுடுங்க பிள்ளைங்களா."

மிஸ் ரீஹாம் கோவத்துல ஏதாவது சொல்லுவாங்கன்னு நான் துடைப்பத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவங்க நாற்காலியில உக்காந்தாங்க. புத்தகத்தைத் திறந்தாங்க. பாத்தாங்க. மூடினாங்க.

"நான் பக்கத்துப் பேட்டை ஸாஹெல்லதான் பள்ளிக்கூடம் படிச்சேன்"னாங்க. "எங்கம்மா எனக்கு ஒரு விலங்கு செல் வாங்கிட்டு வந்தாங்க. பழுப்புக் கரை வெச்சது. ரொம்ப அழகான கையெழுத்து. அதைப் பாத்துத்தான் நான் படிச்சேன். நான் சயின்ஸ்ல படிச்சது அவ்வளவுதான், அப்புறம் சரித்திரத்துக்குப் போயிட்டேன்."

"எந்தக் கடையில வாங்கினது?"

"உங்க கடைதான்."

"பரீட்சையில என்ன எழுதினே?"

"சுவர்னுதான்."

"மார்க் போட்டாங்களா?"

"முழு மார்க்."

ஒரு பிள்ளை களுக்குன்னு சிரிச்சுது, உடனே வகுப்பே சிரிச்சுது, மிஸ்ஸும் சிரிச்சுட்டாங்க. இன்சாஃப் சிரிக்கலை. அவங்க கிட்ட போய், "அப்போ உனக்கும் சேத்துத்தான்மா கேட்டேன்"னு சொன்னா. மிஸ்ஸை நீன்னு கூப்பிட்டதை அவளும் கவனிக்கலை, அவங்களும் கவனிக்கலை.

போட்ட பத்துக்குப் பத்தையெல்லாம் மிஸ் அன்னிக்கே அடிச்சு அழிச்சுட்டாங்க. அடுத்த வாரம் எல்லாரும் கையால செஞ்சு கொண்டு வரணும், கடைச் சரக்கு வந்தா முட்டைன்னு உத்தரவு. பஸந்த் அம்மா அந்த மாசம் பூரா கடைக்கு எதிர்ப்பக்கமா நடந்து போனா, போகும்போது காறித் துப்பினா. சில பேர் இன்னும் வரதில்ல. இன்சாஃப் ஜெராக்ஸை வெச்சு ஓட்டறா. கஷ்டம்தான், இல்லைன்னு யார் சொன்னா. ஆனா அன்னிக்கு அந்த வகுப்புல அப்புறம் நடந்ததை நான் சொல்லியாகணும், அதுக்காகத்தான் இவ்வளவு நேரம் தொண்டை காயப் பேசறேன்.

மிஸ் வாசலைப் பாத்து, "இரினி, உன் செல்லை எடுத்துட்டு உள்ள வா"ன்னாங்க. அந்தக் கஞ்சிப் பை வராந்தா ஜன்னல்ல கிடந்து புளிச்சுப் போயிருந்தது. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு பிள்ளைங்க நகந்து உக்காந்துச்சு. இன்சாஃப் கிளம்பலை. கடைசி பெஞ்சுல, பஸந்துக்குப் பக்கத்துல, ஒடுங்கி உக்காந்துக்கிட்டா. ஆறாவதோட நின்னவ, அத்தனை வருஷத்துக்கு அப்புறம் பெஞ்சுல உக்காந்திருக்கா.

இரினி பையைத் தூக்கிப் பிடிச்சுச் சொன்னா. "வெளியில இருக்கறது சவ்வு. வேணுங்கறதை உள்ள விடும், கழிவை வெளியில அனுப்பும். இந்தக் கூழுக்குப் பேர் சைட்டோபிளாசம், எல்லாம் இதுலதான் மிதக்குது. நடுவுல உட்கரு, எது எப்போ நடக்கணும்னு அதுலேர்ந்துதான் உத்தரவு போகும். இந்தப் பயறெல்லாம் மைட்டோகாண்ட்ரியா, நாம சாப்பிடறதுலேர்ந்து சக்தியை எடுத்துக் குடுக்கும். இந்தக் கருஞ்சீரகம் ரைபோசோம், புரதம் செய்யும்."

"சுவர் ஏன் இல்ல?"ன்னு மிஸ் கேட்டாங்க. நிஜமாவே தெரிஞ்சுக்கக் கேட்ட குரல்.

"மரத்துக்கு எலும்பு கிடையாது மிஸ். அதான் ஒவ்வொரு செல்லுக்கும் சுவர் வெச்சு நிமிந்து நிக்குது. நமக்கு எலும்பு இருக்கு. நம்ம செல் வளையணும், சுருங்கணும், அப்போதான் நடக்க முடியும், கையைத் தூக்க முடியும். சுவர் இருந்தா முடியாது."

கடைசி பெஞ்சுல ஒரு விரல் மேல போச்சு. பிள்ளைங்க தூக்கற மாதிரியே, ஒத்தை விரல். இன்சாஃப்தான்.

"மிஸ், ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"அப்போ எனக்குள்ளயும் சுவர் கிடையாதா? எங்கயுமே?"

மிஸ் பதில் சொல்ல வாயெடுத்துட்டு நிறுத்திட்டாங்க. இரினி பக்கம் திரும்பி, "நீயே சொல்லு"ன்னாங்க.

இரினி அம்மாவைப் பாத்தா. அத்தனை நாளா மூடிக்கிட்டு இருந்த வாய் திறந்துது.

"இல்லம்மா. உனக்குள்ள எங்கயுமே கிடையாது."

இன்சாஃப் விரலைக் கீழ இறக்கிட்டு சரின்னு தலையாட்டினா. கண்ணுலேர்ந்து தண்ணி ஓடுது, அவ துடைக்கக்கூட இல்ல.